விருப்பப் பட்டியலில் உண்மையை எழுதினால் நஷ்டமா?

பிளஸ் டூ மார்க் வந்து இன்ஜினியரிங் கவுன்சிலிங் தேதி அறிவித்ததும் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். "கட்-ஆஃப் 168. முதல் சாய்ஸா எதைப் போடட்டும்?" பதில்கள் ரகம் ரகமாக வரும். "கிடைக்கிற காலேஜை மேல போடுங்க, ஆசைப்படுற காலேஜைப் போட்டு சான்ஸை வீணாக்காதீங்க" என்பார் ஒருவர். "நிறைய சாய்ஸ் போட்டா சிஸ்டம் குழம்பிடும், பத்தோட நிறுத்திக்கங்க" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு நம்பரைக் கொடுத்து, "இவர்கிட்ட போங்க, பணம் வாங்கிட்டு லிஸ்டே போட்டுக் குடுத்துடுவார்" என்பார்.

தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கைப் பொறுத்தவரை முதல் இரண்டு அறிவுரையும் தப்பு. கொஞ்சம் தப்பு இல்லை, முழுத் தப்பு. ஆனால் அதைச் சொல்கிறவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. உலகத்தில் சில ஊர்களில், சில முறைகளில், அதே அறிவுரை மிகச் சரியானது. எந்த முறையில் சரி, எந்த முறையில் தப்பு என்பதை மாணவன் எப்படித் தெரிந்துகொள்வான் என்பதுதான் சிக்கல்.

கல்லூரி சீட், ஐஏஎஸ் கேடர், பயிற்சி மருத்துவர் வேலை என்று அரசும் பல்கலைக்கழகமும் ஆட்களை இடங்களில் பொருத்துகிற எந்த முறையை எடுத்தாலும், அதை எடைபோட இரண்டு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். ஒன்று: உள்ளதை உள்ளபடி எழுதினவருக்கு அதனாலேயே நஷ்டம் வருமா? இரண்டு: வராது என்றால், அது அவருக்குத் தெரியுமா? முதல் கேள்விக்குக் கணக்கில் விடை இருக்கிறது. இரண்டாவது கேள்வியில்தான் நம்ம ஊர் கோட்டை விடுகிறது.

பாஸ்டனில் நடந்தது

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அரசுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஒதுக்க ஒரு முறை இருந்தது. பெற்றோர் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும். வீடு பக்கத்தில் இருப்பது, அண்ணனோ அக்காவோ அங்கேயே படிப்பது போன்ற காரணங்களால் பள்ளிவாரியாக முன்னுரிமை உண்டு. முதல் சுற்றில் ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களை மட்டும் பார்த்து இடத்தை நிரப்பும். மீதி இருந்தால்தான் இரண்டாம் விருப்பமாக எழுதியவர்களுக்கு. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். அ, ஆ, இ என்று மூன்று பள்ளி, பள்ளிக்கு ஒரு இடம். க, ச, த என்று மூன்று பிள்ளைகள். க, ச இருவரும் அ, ஆ, இ என்ற வரிசையில் விரும்புகிறார்கள். த விரும்புவது ஆ, இ, அ. அ பள்ளியில் சவுக்கு முன்னுரிமை. ஆ பள்ளியில் தவைவிட கவுக்கு முன்னுரிமை.

எல்லோரும் உண்மையை எழுதினால் என்ன ஆகும்? முதல் சுற்றில் அ பள்ளி சவுக்குப் போகிறது, ஆ பள்ளி தவுக்குப் போகிறது. க இப்போது தன் இரண்டாம் விருப்பமான ஆ பள்ளிக்கு வருகிறான். அங்கே அவனுக்குத் தவைவிட முன்னுரிமை உண்டு, ஆனால் இடம் முடிந்துவிட்டது. யாருமே முதலில் எழுதாத இ பள்ளிதான் மிச்சம். கொஞ்சம் சாமர்த்தியமாக, பொய்யாக, ஆ பள்ளியை முதலில் எழுதியிருந்தால் அது அவன் கையில் இருந்திருக்கும். "கிடைக்கிறதை மேல போடு" என்கிற அறிவுரை இந்த ஊரில் சரி.

இதை 2003ல் அதிலா அப்துல்காதிரோக்லு, தய்ஃபுன் சொன்மெஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார்கள். நகரப் பள்ளி நிர்வாகம் அவர்களையும் ஆல்வின் ராத் போன்றவர்களையும் கூப்பிட்டுப் பேசி, 2005ல் முறையையே மாற்றியது. மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கு சம்பந்தப்பட்டது அல்ல. விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி எந்தப் பள்ளியை எங்கே எழுதுவது என்று திட்டம் போட்டார்கள். தெரியாதவர்கள் அப்பாவியாக உண்மையை எழுதி, பிள்ளையின் இடத்தை இழந்தார்கள். தந்திரம் தேவைப்படுகிற முறை, தந்திரம் தெரியாதவர்கள்மீது போடுகிற வரி.

புதிதாக வந்த முறையின் மூலம் 1962லேயே எழுதப்பட்டது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் எழுதிய சிறிய கணிதக் கட்டுரை அது. அதன் சாரம்: முதல் சுற்றில் கொடுத்த இடம் முடிவானது இல்லை, தற்காலிகமானது. பின்னால் அதிக முன்னுரிமை உள்ளவர் வந்தால், முன்னால் வந்தவர் எழுந்து தன் அடுத்த விருப்பத்துக்குப் போக வேண்டும். மேலே உள்ள கணக்கை இப்படிப் போட்டால், க ஆ பள்ளிக்கு வரும்போது த எழுந்துகொள்வாள், கவுக்கு ஆ கிடைக்கும். அவன் அ பள்ளியை முதலில் எழுதியதற்குத் தண்டனை இல்லை. பிள்ளைகள் பக்கமிருந்து விண்ணப்பம் போகிற இந்த முறையில் பொய் எழுதி யாரும் தனக்கு லாபம் பார்க்க முடியாது என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012ல் பொருளாதார நோபல் கிடைத்தது இந்த வகை வேலைக்காகத்தான்.

நம்ம கவுன்சிலிங்

இப்போது நம்ம ஊர். இன்ஜினியரிங் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை 1997ல் அண்ணா பல்கலைக்கழகம் வழியாக வந்தது. நுழைவுத் தேர்வை எடுத்த பிறகு, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப், அதன்படி ரேங்க்.

பாஸ்டனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். அங்கே பள்ளிக்குப் பள்ளி முன்னுரிமை மாறும். இங்கே எல்லாக் கல்லூரிக்கும் ஒரே ரேங்க் பட்டியல். அதனால் முறை மிக எளிமையாகிவிடுகிறது. ரேங்க் ஒன்றிலிருந்து ஒவ்வொருவராக எடு. அவர் பட்டியலை மேலிருந்து கீழே படி. காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடு. அடுத்த ஆளுக்குப் போ. நாலு வரி புரோகிராம், அவ்வளவுதான். 69 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதால், ஒவ்வொரு சாய்ஸிலும் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா, அவருடைய சமூகப் பிரிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் அடிப்படை மாறுவதில்லை. பொருளாதாரத்தில் இதற்கு "வரிசைச் சர்வாதிகாரம்" என்று பயங்கரமான பெயர். உன் முறை வரும்போது மிச்சமிருக்கிற எல்லாவற்றுக்கும் நீதான் ராஜா என்று அர்த்தம்.

இந்த நாலு வரியை மனதில் ஓட்டிப் பாருங்கள். கிடைக்கவே கிடைக்காத ஒரு கல்லூரியை முதலில் எழுதினால் என்ன நஷ்டம்? மெஷின் அதைப் பார்க்கும், காலி இல்லை என்று தெரியும், அடுத்த வரிக்குப் போகும். உங்கள் முறை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இடையில் வேறு யாரும் நுழையப்போவதில்லை. இருநூறு சாய்ஸ் எழுதினாலும் அதேதான், மெஷின் குழம்பாது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் விதியும் சொல்கிறது. ஆசைப்பட்ட வரிசையில் எழுதுவது, சேரத் தயாராக இருக்கிற கடைசி இடம் வரை நீளமாக எழுதுவது, இரண்டும்தான் சரி.

"கிடைக்கிறதை மேல போடு" என்று கேட்டு எழுதினவருக்கு என்ன ஆகிறது? அவர் உண்மையில் விரும்பிய கல்லூரியில் அன்றைக்கு இடம் இருந்திருக்கலாம். மெஷின் அந்த வரி வரைக்கும் வரவே வராது, மேலே எழுதியதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த இடம் அவருக்குப் பின்னால் இருக்கிற ரேங்குக்குப் போகும். பத்தோடு நிறுத்தினவர் கதை இன்னும் மோசம். பத்தும் நிரம்பியிருந்தால் அந்தச் சுற்றில் கையில் ஒன்றும் இல்லை. இரண்டிலும் எங்கேயும் சிவப்பு எழுத்தில் எரர் வராது. மாணவனுக்குத் தான் எதை இழந்தோம் என்றே தெரியாது. எங்கள் தொழிலில் இதை சைலன்ட் ஃபெயிலியர் என்போம். கண்டுபிடிக்கவே முடியாத வகை இது.

கிண்டி ஹாலில் இருந்தது, இணையத்தில் இல்லாதது

2018க்கு முன் கவுன்சிலிங் கிண்டியில் நேரில் நடந்தது. கன்னியாகுமரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் அப்பாவோ மாமாவோ கூட வர, பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வர வேண்டும். பெரிய திரைகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி என்று ஓடிக்கொண்டிருக்கும். ரேங்க் வரிசையில் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து, காலியாக இருப்பதில் ஒன்றைக் கைகாட்டிவிட்டு வர வேண்டும். பஸ் செலவு, தங்கும் செலவு, வேலைக்கு லீவு, சில நிமிடத்தில் முடிவெடுக்கிற படபடப்பு என்று தொல்லைகள் ஏராளம். 2018ல் அது இணையத்துக்கு மாறியது நல்லதுதான். யாரும் அந்த ஹாலுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஹாலில் வரிசையாக ஆட்கள் வந்து எடுத்தார்கள். இணையத்தில் ஆளுக்குப் பதில் பட்டியல் வந்து எடுக்கிறது. உண்மையை எழுதினால் விடையும் ஒன்றே. மனுசனுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக இல்லை.

ஷெங்வூ லீ என்ற பொருளாதார ஆய்வாளர் 2017ல் வெளியிட்ட கட்டுரை இதைப் பற்றியதுதான். சில முறைகளில் உண்மை சொல்வது நல்லது என்று நிரூபிக்க முடியும், ஆனால் அந்த நிரூபணத்தைப் புரிந்துகொள்ள யோசிக்க வேண்டும். வேறு சில முறைகளில் அது கண்ணாலேயே தெரியும். முன்னால் காலியிடங்கள் இருக்கின்றன, பிடித்ததை எடு என்றால் யாராவது பிடிக்காததை எடுப்பார்களா? அவர் சோதனைக்கூடத்தில் ஆட்களை வைத்து இரண்டு விதமாகவும் விளையாட வைத்தார். தன் முறை வரும்போது நேராக எடுத்தவர்களைவிட, பட்டியலாக எழுதிக் கொடுத்தவர்கள் அதிகமாகத் தப்புச் செய்தார்கள். கணக்கு ஒன்றே, தப்பு வேறு.

படித்தவர்கள் செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இஸ்ரேலில் உளவியல் மேற்படிப்புச் சேர்க்கையில் உண்மையை எழுதினால் நஷ்டமே வராத முறைதான் இருந்தது. அதில் ஒரே படிப்பை உதவித்தொகையோடு ஒரு வரியாகவும், உதவித்தொகை இல்லாமல் ஒரு வரியாகவும் எழுதலாம். பணம் இல்லாத வரியைப் பணம் உள்ள வரிக்கு மேலே எழுதியவர்கள் இருந்தார்கள். யாருக்காவது உண்மையிலேயே பணம் வேண்டாம் என்று விருப்பம் இருக்குமா? "இப்படி எழுதினால் வாய்ப்பு கூடும்" என்ற கற்பனைதான். மனதத்துவம் படிக்கப் போகிறவர்களே இப்படி என்றால், குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

ஆகவே 2018ல் நடந்ததை இப்படிச் சொல்லலாம்: பயணச் செலவு மிச்சமானது. கூடவே, சூதுவாது இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கிற வசதியும் போனது. அந்த இடத்தை விளக்கத்தால் நிரப்பியிருக்க வேண்டியது அரசின் வேலை. உதவி மையங்கள் வைத்தார்கள், சான்றிதழ் சரிபார்க்க, விண்ணப்பம் பதிய. வீடியோக்கள் போட்டார்கள், எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று. "ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுது, அதனால் உனக்கு ஒரு கெடுதலும் வராது, ஏனென்றால்..." என்ற அந்த ஒரே வாக்கியத்தைத்தான் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சொல்லியிருக்க வேண்டும். அது காதில் விழாததால்தான் பட்டியல் போட்டுத் தருகிறவர்களுக்கு வியாபாரம் நடக்கிறது. எந்தக் கல்லூரி எப்படி, எந்தப் பாடத்துக்கு என்ன வேலை என்று ஆலோசனை சொல்வது நியாயமான தொழில். வரிசையில் ரகசியம் இருக்கிறது என்று விற்பது, இல்லாத சரக்கை விற்பது.

சுற்று பிரிப்பதில் ஒரு ஓட்டை

முறை முழுக்கச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. நாலு வரி புரோகிராம் ஒரே மூச்சில் எல்லோருக்கும் ஓடினால்தான் நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். நடைமுறையில் ரேங்க் வாரியாகக் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது என்று நடத்துகிறார்கள். முதல் சுற்றில் நல்ல கல்லூரியில் இடம் பிடித்தவர் மருத்துவத்துக்கோ ஐஐடிக்கோ போய்விட்டால் அந்த இடம் என்ன ஆவது? அடுத்த சுற்றுக்கு விட்டால், பின்னால் உள்ள ரேங்குக்கு நல்ல இடம், முன்னால் உள்ளவர் ஏற்கெனவே வேறு எங்கோ. விடாவிட்டால் இடமே வீண்.

2022ல் இதற்கு மருந்து தேடினார்கள். நீட் முடிவு வரும்வரை கவுன்சிலிங் தள்ளிப்போனது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்கலாம் என்ற வழி வந்தது. சரியான திசைதான். மத்திய அளவில் ஐஐடி, என்ஐடி சேர்க்கையை 2015ல் ஒன்றாக்கியபோது இதை இன்னும் முழுமையாகச் செய்தார்கள். அங்கே சுற்றுக்குச் சுற்று எல்லோருமே களத்தில் இருக்கிறார்கள். காலியாகிற இடம் அதற்கு முதல் உரிமை உள்ள ரேங்குக்கே போகிறது. நாமும் ரேங்க் கூட்டங்களை விட்டுவிட்டு எல்லோருக்கும் சேர்த்துச் சுற்று நடத்தலாம். சர்வர் தாங்காது என்ற காரணம் இன்றைக்குச் செல்லாது. சில லட்சம் பேரின் பட்டியலை ஓட்ட ஒரு சாதாரண லேப்டாப்பே போதும்.

பொய் எழுதச் சொல்லும் படிவம்

இதுவரை சொன்னது, உண்மையை எழுதலாம், ஆனால் எழுதலாம் என்று தெரியாது என்ற வகை. இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு: உண்மையை எழுதவே இடம் தராத படிவம். அதற்கு உதாரணம் 2017ல் ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற அகில இந்தியப் பணிகளுக்கு வந்த கேடர் ஒதுக்கீட்டுக் கொள்கை.

நாட்டின் 26 கேடர்களை ஐந்து மண்டலமாகப் பிரித்தார்கள். தென் மாநிலங்கள் ஐந்தும் ஒரே மண்டலம். முதலில் மண்டலங்களை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் ஒரு கேடர். எல்லா மண்டலமும் முடிந்த பிறகுதான் முதல் மண்டலத்தின் இரண்டாவது கேடருக்கு வர முடிந்தது. அந்த முறையில் நம்ம ஊர்ப் பெண் ஒருவர் தேர்வானார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான விருப்பம் தமிழ்நாடு, அடுத்து கேரளா, அடுத்து கர்நாடகா. இதை அந்தப் படிவத்தில் எழுத வழியே இருக்கவில்லை. தமிழ்நாட்டை முதலில் எழுதினால் கேரளா ஆறாவது இடத்துக்குப் போய்விடும். நடுவில் வடக்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு என்று நாலு மண்டலத்துக்கும் ஒவ்வொரு கேடர். சொந்த மாநிலத்தில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றினால், கேரளாவை முதலில் எழுதித் தமிழ்நாட்டை ஆறாவதுக்குத் தள்ளுவது லாபமா என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. அவருக்கு முன் ரேங்கில் இருப்பவர்கள் என்ன எழுதுவார்கள் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. பாஸ்டன் பெற்றோரின் தலைவலியேதான்.

நோக்கம் புரியாமல் இல்லை. தெற்கே பிறந்தவர் தெற்கையே, வடக்கே பிறந்தவர் வடக்கையே சுற்றி நிற்கக் கூடாது, அகில இந்தியப் பணி என்றால் இந்தியா முழுக்க என்று இருக்க வேண்டும். இந்த நோக்கத்துக்கு ஆதாரமும் உண்டு. 2008க்கு முன் மாநிலங்களை அகர வரிசையில் குழுக்களாக்கி, அந்த வரிசையை ஆண்டுதோறும் சுழற்றி அதிகாரிகளை அனுப்பினார்கள். சொந்த மாநிலம் வேண்டுமா என்பதைத் தவிர விருப்பத்துக்குப் பெரிய இடம் இல்லை. 2008ல் எல்லா மாநிலத்தையும் விருப்பப்படி வரிசைப்படுத்தலாம் என்றானதும் என்ன ஆனது என்று அசுதோஷ் தாக்கூர் என்ற ஆய்வாளர் பார்த்தார். யாரும் விரும்பாத, பிரச்சினை மிகுந்த மாநிலங்களுக்குத் தரவரிசையில் பின்னால் உள்ளவர்களும் வெளியாட்களும் போய்ச் சேர்வது கூடியது. இன்னொரு ஆய்வு, குவோ சூ, மரியான் பெர்த்ரான், ராபின் பர்ஜஸ் மூவரும் செய்தது, பழைய சுழற்சி முறையை வைத்தே இன்னொன்றைக் காட்டியது. சொந்த மாநிலத்தில் வேலை பார்க்கிற அதிகாரிகளை, ஊழல், அரசியல் அழுத்தத்துக்கு வளைவது போன்றவற்றில் விவரம் தெரிந்தவர்கள் குறைவாகவே மதிப்பிட்டார்கள்.

அதாவது விருப்பத்தைக் கேட்பதே எல்லா இடத்திலும் புண்ணியம் இல்லை. கல்லூரி சீட்டில் மாணவனின் விருப்பம் பெரிது. கலெக்டரை அனுப்புவதில் அந்த மாவட்டத்து மக்களின் தேவை பெரிது. அரசு அப்படி நினைத்தால் அதைத் தைரியமாகச் சொல்லலாம்: இத்தனை பேர் வெளி மண்டலத்துக்குப் போக வேண்டும், இது விதி என்று. உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியூர்க்காரர் இருவர் என்ற விகிதம் ஏற்கெனவே அப்படிப்பட்ட வெளிப்படையான விதிதான். அதற்குள் அடங்கி, மிச்சத்துக்கு உண்மையான விருப்பத்தைக் கேட்கலாம். அல்லது பழையபடி கேட்காமலே சுழற்றி அனுப்பலாம். "உன் விருப்பம் என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் எழுதுகிற கட்டங்களை வளைத்து வைப்பதுதான் சரியில்லை. முடிவு அரசுடையது, பழி மட்டும் எழுதினவர் தலையில்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

ஐஏஎஸ் தேர்வாகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுத் தர பயிற்சி மையங்கள் இருக்கின்றன, அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். எனக்குக் கவலை கவுன்சிலிங்கில்தான். 2021ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத இடம் தனியாக வந்தது. பெரிய விஷயம் அது. அந்த இடம் கையில் இருக்க, பட்டியலைத் தப்பாக எழுதி அதை வீணாக்குகிற பிள்ளைகளும் அங்கேதான் அதிகம் இருப்பார்கள் என்று பயப்படக் காரணம் இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் இந்தப் பட்டியலை எழுதியதில்லை.

மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, சாய்ஸ் எழுதுகிற பக்கத்திலேயே, மேலே, பெரிய எழுத்தில், தமிழில் அந்த நாலு வரி விதியைப் போடலாம். கூடவே இரண்டு வாக்கியம்: "பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். கிடைக்காத கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே உள்ள வாய்ப்பு குறையாது."

இரண்டாவது, ஒதுக்கீட்டு ஆணையில் மாணவன் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த இடம் அவன் பிரிவில் எந்த ரேங்கோடு முடிந்தது என்று காட்டலாம். "ஏன் கிடைக்கவில்லை?" என்று யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அவன் எழுதாமல் விட்ட இடங்களில் எவை அவனுக்குக் கிடைத்திருக்கும் என்றும் அதே கணக்கில் சொல்ல முடியும். அந்த வருடம் அது வலிக்கும், ஆனால் அடுத்த வருடம் தம்பி தங்கச்சிக்கு உதவும்.

மூன்றாவது, பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த வாரத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு மணி நேரம் பழைய ஹாலை நடித்துக் காட்டலாம். கரும்பலகையில் பத்துக் கல்லூரி, ஒவ்வொன்றிலும் இரண்டு இடம். மாணவர்கள் ரேங்க் வரிசையில் எழுந்து வந்து எடுக்கட்டும். அடுத்து அதே மாணவர்கள் பட்டியல் எழுதித் தரட்டும், ஆசிரியர் அதை வைத்து ஒதுக்கட்டும். இரண்டு முறையும் அதே விடை வருவதைப் பார்த்துவிட்ட பிள்ளையிடம் யாரும் வரிசை ரகசியத்தை விற்க முடியாது. இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். சாக்பீஸ் போதும்.